அக்கா போன் எடுப்பதில்லை

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் தம்பி இங்கே சுகம். நீயும் அத்தானும் அங்கே சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். தினமும் என்பது கொஞ்சம் மிகை. வாரத்தில் முக்கால்வாசி நாள்.

"போன்ல பேசுறதெல்லாம் காத்தோட போயிடுது, இனிமே எழுது" என்று உத்தரவு போட்டுவிட்டாய். இந்தக் காலத்தில் கடித உறை கேட்டால் தபால் நிலையத்திலேயே ஏற இறங்கப் பார்க்கிறார்கள். வேலை பளு வேறு. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் போன ஞாயிறு நாம் பேசியதில் பெரிய குழப்பம் நடந்திருக்கிறது. லிப்டில் ஒருவர் மாட்டிக்கொண்டார் என்று நான் சொன்னேன். உன் காதில் அது கிப்ட் என்று விழுந்துவிட்டது. யார் கொடுத்தது, பெண்ணா, எந்தச் சபைப் பெண் என்று ஆரம்பித்து, நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்தோத்திரம் சொல்லி வைத்துவிட்டாய். லிப்ட் அக்கா. நான் பழுது பார்க்கிற லிப்ட். உன் தம்பிக்குக் கல்யாணம் எதுவும் கூடி வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் சபை கூடுவது ஒரு செருப்புக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில். லிப்ட் கிடையாது; அதனாலேயே எனக்கு அந்த இடம் பிடிக்கும். அந்த ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு எங்கள் போதகர், ஆண்டவர் ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்றை ஒப்படைத்திருக்கிறார் என்று பேசிவிட்டு, உங்களிடம் என்ன, உங்களிடம் என்ன என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒருவர் பாட்டு என்றார், ஒருவர் சமையல் என்றார், ஒரு அம்மா நன்றாகச் சண்டையை விலக்குவேன் என்றார். என் முறை வந்ததும், "நாற்காலி எடுத்துப் போடுவேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள். ஆனாலும் மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, எனக்கும் எதையாவது கொடுத்திருந்தால் காட்டிவிடும் ஆண்டவரே என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

அன்றைக்குத்தான் ஓர் அலுவலகக் கட்டடத்தின் காவலாளி லிப்டில் மாட்டிக்கொண்டார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, பெரிய மீசை. லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்று, உள்ளே விளக்கும் போய்விட்டது. கூட வந்த மெக்கானிக் மேலே இயந்திர அறைக்குப் போய்விட்டார். உள்ளேயிருந்து கதவை இடிக்கிற சத்தம், பிறகு அழுகை. வழக்கமாக நான் ஓர் அதட்டல் போட்டுவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். அன்றைக்கு என்னவோ கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் யார் யார் என்று கேட்டேன். இரண்டு பூனை என்றார். லிப்ட் நகர்கிற வரைக்கும் பூனைகளைப் பற்றியே பேசினோம். வெளியே வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

இவ்வளவுதான் கதை. ஆண்டு விழாப் பாட்டுக்குப் பயிற்சி தொடங்கிவிட்டதா? பாடகர் குழு உன் சொல் கேட்கிறதா? அத்தானை விசாரித்ததாகச் சொல்.

அன்புத் தம்பி

*

ஜனவரி 30

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அத்தானும் என் மூட்டுவலியும் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அதைப் பற்றி ஒரு வரி இல்லையே.

உன் கடிதத்தை ஒரு தரம் பாசத்தோடு படித்தேன். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தேன். "வேலை பளு" என்று எழுதியிருக்கிறாய். நடுவில் இருக்க வேண்டிய "ப்" எங்கே? அச்சகத்தில் இத்தனை வருஷமாகப் பிழை திருத்துகிறவளின் தம்பி இப்படி எழுதலாமா?

எங்கள் அச்சகத்திலும் நிலைமை சரியில்லை. கையெழுத்துப் பிரதியை எனக்கு உரக்கப் படித்துக் காட்டுகிற பெரியவர் புதிதாகப் பல்செட் கட்டியிருக்கிறார். அன்று முதல் அவர் பேசுவது ஒன்றும் விளங்குவதில்லை. "புதிய சலவைக் கடை" என்று வர வேண்டிய துண்டறிக்கை "புதிய செலவுக் கடை" என்று அச்சாகி ஊர் முழுக்கப் போய்விட்டது. முதலாளி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருக்கிறார். கடைக்காரர் மட்டும், சிரித்துக்கொண்டே கூட்டம் வருகிறது, இன்னும் ஒரு கட்டு அதே மாதிரி அடித்துக் கொடுங்கள் என்று கேட்டாராம்.

பாடகர் குழுவும் அப்படித்தான். இந்தப் பிள்ளைகள் எல்லாம் இப்போது வாய்க்குள்ளேயே பாடுகிறார்கள். உரக்கப் பாடுங்கள் என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். எனக்கு அடுத்தபடியாகப் பாடுகிற தையல்காரி ஒருத்திதான் சொன்னபடி கேட்கிறாள்.

இப்போது உன் விஷயம். காட்டிவிடும் என்று ஆண்டவரிடம் கேட்டாய். அன்றைக்கே அவர் காட்டினார். நீயோ அதை இரண்டு பூனைகளின் கதையாக எனக்கு எழுதிவிட்டு, "இவ்வளவுதான்" என்கிறாய். கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் பதில் சொல்கிற நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவர் என்ன செய்வார்? நாற்காலி எடுத்துப் போடுவது நல்ல ஊழியம். நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது ஊழியம் இல்லை. யோசி.

நேரத்துக்குத் தூங்கு. பூனைக்காரரை விசாரித்ததாகச் சொல்.

ஆசீர்வாதத்துடன்,
அக்கா

*

பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைப் பளு குறையவில்லை. "ப்" போட்டுவிட்டேன், பார்த்துக்கொள்.

நீ எழுதியது பலித்துவிட்டது. அதுதான் இப்போது எனக்குத் தலைவலி. எங்கள் கம்பெனியில் உதவி மையம் என்று ஓர் அறை திறக்கிறார்கள். ஊரில் எந்த லிப்டில் யார் மாட்டிக்கொண்டு அவசரப் பொத்தானை அமுக்கினாலும் அந்த அறையில் மணி அடிக்கும். அங்கே இருப்பவர் மைக்கில் பேசி, மெக்கானிக் போய்ச் சேருகிற வரை அவர்களைத் தைரியமாக வைத்திருக்க வேண்டும். அந்தக் காவலாளி எங்கள் மேலாளரம்மாவைத் தேடி வந்து என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார். அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, நீங்கள்தான் அங்கே உட்கார வேண்டும் என்கிறார்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். நான் ஸ்பேனர் பிடிக்கிற ஆள். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் பெயரைச் சொல்வதற்கே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சபையில் ஜெபம் பண்ணச் சொன்னால் ஆமென் மட்டும்தான் தெளிவாக வரும். அன்றைக்கு அந்தக் காவலாளியிடம் பேசியது ஏதோ நேர்ந்துவிட்டது, தினமும் நேருமா? கடைசியில் என்னால் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அதெல்லாம் பெரியவர்கள் செய்கிற வேலை, நான் இருக்கிற இடத்திலேயே இருந்துகொள்கிறேன் என்று பணிவாகத்தான் சொன்னேன். மேலாளரம்மா ஒரு மாதம் யோசியுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

இதைச் சொல்லத்தான் பலமுறை போன் செய்தேன். எப்போதும் அத்தானே எடுக்கிறார். எப்போதும் நீ குளித்துக்கொண்டிருக்கிறாய். காலையில் குளிக்கிறாய், மத்தியானம் குளிக்கிறாய், சாயங்காலமும் குளிக்கிறாய். உடம்புக்கு ஒன்றுமில்லையே? தண்ணீர்க் கட்டணம் எவ்வளவு வருகிறது?

பதில் போடு. உனக்காகக் காத்திருக்கிறேன்.

தம்பி

*

மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நலத்துக்கு ஜெபம்.

அந்த வேலையை ஏற்றுக்கொள். நீ பணிவாகச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். உன்னைத் தொட்டிலில் ஆட்டினவள் நான். உன் பணிவு எது, உன் பயம் எது என்று எனக்குத் தெரியும். பயத்துக்குத் தாழ்மை என்று பெயர் வைத்து ஆண்டவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தாதே. அவர் பெயர்ப் பலகையைப் பார்த்து ஏமாறுகிறவர் இல்லை. பேச வராது என்கிறாய். மாட்டிக்கொண்டவனுக்குப் பிரசங்கமா வேண்டும்? பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

ஆண்டவர் பெயரைச் சொல்லி அவர்களிடம் பேசலாமா என்று அடுத்ததாகக் கேட்பாய். கம்பெனி விதி எதுவோ அப்படியே நட. பொறுமையாய் இரு, பொய் சொல்லாதே, யாரையும் அதட்டாதே. அவருடைய பிள்ளை என்று காட்ட அதுவே போதும்.

ஆண்டு விழா நல்லபடியாக முடிந்தது. அத்தான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.

அக்கா

*

ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். ஏற்றுக்கொண்டுவிட்டேன். இந்தக் கடிதத்தை எழுதுவது உதவி மையத்தில் உட்கார்ந்துதான். மத்தியானச் சாப்பாட்டு நேரம், மணி அடிக்கவில்லை.

முதல் நாள் மகா கேவலம். ஒரு வக்கீல் மாட்டிக்கொண்டார். என் பெயரைச் சொல்லத் தடுமாறி, "நான்... நான்..." என்று இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் பொறுக்க மாட்டாமல், "தம்பி, பயப்படாதீங்க, மெதுவா சொல்லுங்க" என்றார். உள்ளே மாட்டிக்கொண்டவர் வெளியே இருக்கிறவனுக்குத் தைரியம் சொன்ன கதை கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. மேலாளரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் என்னை மாற்றவில்லை. இப்போது மணி அடித்ததும் ஒரு மூச்சு நிறுத்தி, உள்ளுக்குள் ஒரு சின்ன ஜெபம் சொல்லிவிட்டுத்தான் மைக்கைத் தொடுகிறேன். அந்த ஒரு மூச்சில் என் நாக்கு ஒழுங்காகிவிடுகிறது.

பேசுவதுதான் இந்த வேலை என்று நினைத்திருந்தேன். கேட்பதுதான் வேலை. பயந்தவர்கள் பயமாக இருக்கிறது என்று சொல்வதில்லை. எனக்கொன்றுமில்லை, கூட்டத்துக்குத்தான் நேரமாகிறது என்பார்கள். லிப்டைத் திட்டுவார்கள், கட்டட முதலாளியைத் திட்டுவார்கள். நான் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பதில் சொல்வார்கள். விட்டுவிட்ட அந்த இடத்தில்தான் விஷயம் இருக்கும்.

அக்கா, அந்தப் பழக்கத்தில் நேற்று உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். நான் கேட்டதில் எதையெல்லாம் நீ விட்டுவிட்டாய் என்று பார்த்துக்கொண்டே படித்தேன். ஏன் போனுக்கு வருவதில்லை என்று கேட்டேன், பதில் இல்லை. மாசக்கணக்காகப் பயிற்சி கொடுத்த ஆண்டு விழாப் பாட்டைப் பற்றி ஒரே வரி. பெரியவரின் பல்செட்டைத் திட்டினாய், பிள்ளைகள் வாய்க்குள் பாடுகிறார்கள் என்று திட்டினாய். லிப்டைக் கிப்ட் என்றாய்.

உனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, இல்லையா அக்கா?

தம்பி

*

ஜூன் 4

தம்பிக்கு,

அத்தான் எழுதும் கார்டு. எல்லாரும் நலம். உன் அக்கா உனக்குப் பதில் எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறாள். கோபம் இல்லை. குளிக்கிறாள் என்று நான் சொன்ன பொய்களை ஆண்டவர் மன்னித்திருப்பார். நீயும் மன்னித்துவிடு. எனக்கும் வேறு பொய் சட்டென்று வரவில்லை.

*

ஜூன் 11

அன்புத் தம்பிக்கு,

நலமா? அத்தான் ஒளித்து ஒளித்துக் கார்டு எழுதியதைப் பார்த்துவிட்டேன். எனக்குக் காதுதான் சரியில்லை, கண் நன்றாக இருக்கிறது.

ஆமாம். ஒரு வருஷத்துக்கு மேலாக இப்படி. முதலில் பறவைகள் போயின. பிறகு அழைப்பு மணி. எதிரே நிற்கிறவர் பேசுவது முகத்தைப் பார்த்தால் முக்கால்வாசி புரியும். போனில் முகம் இல்லை. பெரியவரின் பல்செட்டில் ஒரு குறையும் இல்லை, அழகாகவே இருக்கிறது.

ஆண்டு விழாவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சுருதி கொடுத்தேன், பாட்டு தொடங்கியது. இரண்டாம் சரணத்தில் தையல்காரி என் கையை மெல்லத் தொட்டாள். திரும்பிப் பார்த்தேன். குழு முழுவதும் ஓர் இடத்தில் இருந்தது, நான் மட்டும் வேறெங்கோ இருந்தேன். அது என் காதில் கேட்கவில்லை. அவர்கள் முகங்களில் பார்த்தேன். ஒருவர்கூடக் கேலியாகப் பார்க்கவில்லை. எல்லாரும் எனக்காகத் துடித்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் தாங்கவில்லை. ஆராதனை முடிந்ததும் எங்கள் போதகர் என்னைப் பாராட்டினார். மறுவாரம் தொண்டை சரியில்லை என்று சொல்லி, பொறுப்பைத் தையல்காரியிடம் கொடுத்துவிட்டு விலகிவிட்டேன். இப்போது கடைசிப் பெஞ்சில் உட்காருகிறேன்.

உனக்கு நிறையப் புத்தி சொன்னேன். அதெல்லாம் உண்மைதான், எடுத்துக்கொள். என் விஷயம் வேறு. ஆண்டவர் என்னிடம் ஒப்படைத்தது ஒன்றே ஒன்று, பாட்டு. அதை அவர் திரும்ப வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொள்ளட்டும், அவருடையதுதானே. ஆனால் அதை வாங்கிக்கொண்டபின் என்னை எதற்கு இங்கே உட்கார்த்தி வைத்திருக்கிறார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. காது மெஷின் வாங்கலாம் என்று அத்தான் சொல்கிறார். வேண்டாம். சபையில் எல்லாரும் பார்ப்பார்கள்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை. நீ நன்றாக இரு.

அக்கா

*

ஜூன் 20

என் அன்பான அக்காவுக்கு,

சுகம் கேட்கிறதெல்லாம் நேரில் வைத்துக்கொள்ளலாம். ஜூலை முதல் வாரம் ஊருக்கு வருகிறேன். காது டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. அத்தான் உடந்தை. நீ கோபித்துக்கொள்வதானால் இருவரையும் சேர்த்துக் கோபித்துக்கொள்.

பயத்துக்குத் தாழ்மை என்று பெயர் வைக்காதே என்று எனக்கு எழுதினாய். உன்னிடம் தாழ்மை கிடையாது என்பதால் நீ உன் பயத்துக்குத் தொண்டை என்று பெயர் வைத்திருக்கிறாய். நான் உன் தொட்டிலை ஆட்டியதில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும்.

எங்களிடம் மாட்டிக்கொள்கிறவர்களில் ஒரு வகையினர் உண்டு. அவர்கள் அவசரப் பொத்தானை அமுக்குவதே இல்லை. நமக்காக யாரும் சிரமப்பட வேண்டாம் என்று இருட்டில் அப்படியே நிற்பார்கள். அடுத்த ஆள் வந்து லிப்டுக்குக் காத்திருந்தால்தான் உள்ளே ஒருவர் இருப்பதே தெரியவரும். நீ பொத்தானை அமுக்கவில்லை அக்கா. பரவாயில்லை, நான் கிளம்பிவிட்டேன்.

ஆண்டவர் உன்னை எதற்கு வைத்திருக்கிறார் என்று எனக்கும் தெரியாது. ஆனால் பாட்டு ஒன்றுதான் என்று நீயாக எப்படி முடிவு செய்தாய்? நாற்காலியைத் தவிர என்னிடம் ஒன்றுமில்லை என்று நானும் சத்தியமாக நம்பிக்கொண்டுதான் இருந்தேன். முதலில் கேட்டுப் பார். கொஞ்சம் கோபமாகவே கேள். அவர் பொறுத்துக்கொள்கிறார், நான் பார்த்திருக்கிறேன்.

தம்பி

*

ஆகஸ்ட் 9

அன்புத் தம்பிக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்த சேதி கிடைத்தது. நீ இருந்த நாட்களில் வீடு நிறைந்திருந்தது. நீ போனபின் மெஷினோடு குடித்தனம் நடத்துகிறேன்.

முதல் வாரம் பைத்தியம் பிடிக்காத குறை. குளிர்சாதனப் பெட்டி இத்தனை சத்தம் போடுமா? செய்தித்தாளைப் புரட்டினால் தகரத்தை மடிக்கிற மாதிரி இருக்கிறது. அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு உன் அத்தான். நான் ஏதாவது சொல்லிவிட்டுத் திரும்பினால் முணுமுணுவென்று பதில் சொல்கிறார். எத்தனை நாளாக நடக்கிறது இது என்று கேட்டேன். மனுஷர் தோட்டத்துக்குப் போய்விட்டார். அங்கே போய்ச் செடியிடம் சொன்னதும் கேட்டது.

வீட்டில் சரி. சபையில்தான் சரியில்லை. அந்த உயரமான கூரைக்குக் கீழே மெஷின் எல்லாவற்றையும் குழப்பிவிடுகிறது. பாட்டு வெறும் இரைச்சல், பிரசங்கம் எதிரொலி. அதற்காக அழுதேன், மறைக்கவில்லை. பிறகு நீ சொன்னபடி கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

அந்த ஞாயிறு என் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவரை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தேன். கொதிகலன் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; எல்லாரும் பாய்லர்காரர் என்பார்கள். அந்தச் சத்தத்திலேயே காது போய்விட்டது. பிரசங்கம் எவ்வளவு புரிகிறது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கேட்டேன். அவர் தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று தெரியாமல், "ஒண்ணும் புரியாது. பக்கத்துல இருக்கிறவங்க எழுந்தா எழுவேன், உட்கார்ந்தா உட்காருவேன்" என்றார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்னே எதற்காக வாராவாரம் வருகிறீர்கள் என்று எழுதினேன். "ஆண்டவர் வீட்டுக்கு வர்றேன். அவருக்குத் தெரியுமில்ல, நான் வந்திருக்கேன்னு" என்றார்.

அந்தப் பெஞ்சில் அவரைப்போல இன்னும் சிலர் இருக்கிறார்கள். எனக்கு ஒரு யோசனை. போதகரைப் பார்க்கப் போகிறேன். என்ன யோசனை என்று இப்போது சொல்ல மாட்டேன். நடக்காவிட்டால் அத்தான் முணுமுணுப்பார்.

அக்கா

*

செப்டம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் அத்தானின் செடிகளும் நலமா?

என் சேதி இது. உதவி மையத்துக்குப் புதிதாக ஆட்களை எடுத்திருக்கிறார்கள். அவர்களைப் பழக்குவது நான். நம்ப முடிகிறதா? வகுப்பு எடுத்தேன் அக்கா, கரும்பலகை முன்னால் நின்று. சுண்ணக்கட்டி இரண்டு தரம் விழுந்தது, ஆனால் நாக்கு ஒட்டவில்லை. எப்படிப் பேச வேண்டும் என்று நான் அதிகம் சொல்லவில்லை. எப்படிக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அந்த வக்கீல் எனக்குத் தைரியம் சொன்ன கதையையும் நானே சொல்லிவிட்டேன். மேலாளரம்மா சொல்வதற்குள் சொல்லிவிடுவது நல்லது.

புதிதாக வந்த ஒரு பெண், மணி அடித்ததும் ஏன் ஒரு கணம் சும்மா இருக்கிறீர்கள் என்று கேட்டாள். மறைக்கத் தோன்றவில்லை. ஜெபம் பண்ணுவேன் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எனக்கும் சேர்த்துப் பண்ணிடுங்க சார்" என்றாள். செய்கிறேன். எந்தச் சபைப் பெண் என்று நீ கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: கல்யாணம் ஆனவள், இரண்டு குழந்தைகள்.

செருப்புக் கடை மாடியில் இன்னமும் நான்தான் நாற்காலி எடுத்துப் போடுகிறேன். போன வாரம் போதகர் ஜெபம் பண்ணச் சொன்னார். ஆமெனுக்கு முன்னாலும் சில வார்த்தைகள் வந்தன.

உன் யோசனை என்ன ஆயிற்று? எங்கள் ஊர் வரைக்கும் அத்தானின் முணுமுணுப்பு கேட்கவில்லை என்பதால் நடந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

தம்பி

*

அக்டோபர் 21

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவர் உனக்குச் செய்ததை நினைத்து வாய் நிறைய ஸ்தோத்திரம். கரும்பலகை முன்னால் நீ நின்றதைப் பார்க்க அம்மா இல்லாமல் போனாள். நான் இருக்கிறேன், எனக்கு அது போதும். இங்கே எல்லாரும் நலம்.

யோசனை நடந்துவிட்டது. பிரசங்கத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், நான் தட்டச்சு செய்து திரையில் போடுகிறேன், காது கேட்காதவர்கள் வாசித்துக்கொள்வார்கள் என்று எங்கள் போதகரிடம் கேட்டேன். அவர் பயந்துவிட்டார். ஆவியானவர் நடத்துகிறபடி பேசுகிறவன் நான், எழுதி வைத்துப் பேசினால் எப்படி என்றார். "ஏன் ஐயா, ஆவியானவருக்கு எழுத்து தெரியாதா?" என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார்.

இப்போது சனிக்கிழமை காலை தாள்கள் வந்துவிடும். அச்சகத்தில் செய்வதைத்தான் செய்கிறேன். சொன்னதையே நாலு இடத்தில் சொல்லியிருந்தால் மூன்றை அடித்துவிடுகிறேன். நடுவில் அவருடைய கல்லூரிக் காலக் கதை வந்தால், இது இங்கே எதற்கு என்று ஓரத்தில் எழுதி அனுப்புகிறேன். முதல் வாரம் முகம் வாடிப் போயிருந்தார். இரண்டாம் வாரம் அவரே கேட்டார், இந்தப் பத்தி சரியாக இருக்கிறதா அக்கா என்று. பிரசங்கம் முன்பு இருந்ததில் பாதியாகிவிட்டது, ஆழம் இரண்டு மடங்காகிவிட்டது. அது அவருக்கே தெரிகிறது. சபையில் என்னை வாழ்த்தாதவர்கள் இல்லை. காது நன்றாகக் கேட்கிறவர்கள்தான் அதிகமாக வாழ்த்துகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொள்கிறார், பக்கம் பக்கமாகத் தள்ளுகிறார். முதல் நாள் பாய்லர்காரர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசிப் பக்கம் முடிந்ததும், எல்லாரும் தலை குனிந்து அமைதியாக இருந்த நேரத்தில், "இவ்வளவு நாளா இதைத்தான் பேசிக்கிட்டு இருந்தாரா? நல்லாத்தான் இருக்கு" என்றார். போதகரே சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இப்போது நாங்கள் கடைசிப் பெஞ்சில் இல்லை, முன்வரிசைக்கு வந்துவிட்டோம். அடுத்த தெருவிலிருந்து காது கேட்காத ஒரு தம்பதி வரத் தொடங்கியிருக்கிறார்கள். எங்கள் வரிசையில் பேச்சுக்கு ஓர் எழுதுபலகை வைத்திருக்கிறோம். ஆராதனை நேரத்தில் அதிகம் பேசுகிற வரிசை எங்களுடையதுதான், யாருக்கும் தெரியாது.

என்னிடம் ஒன்றே ஒன்றுதான் ஒப்படைத்தார் என்று ஜூனில் எழுதினேன். பிழை. நீயே திருத்திக்கொள்.

இனி போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். மார்ச்சுக்குப் பிறகு நான் பாடவே இல்லை. பாட்டு வரும்போது எழுந்து நிற்பேன், தரையைப் பார்ப்பேன், வாயை மூடிக்கொள்வேன். மற்றவர்களின் பாட்டைக் கெடுப்பானேன் என்றுதான். அன்றைக்கு முதன்முறையாகப் பாட்டின் வரிகளையும் அத்தான் திரையில் போட்டதும் பாய்லர்காரர் பாடத் தொடங்கினார். அவருக்கு ராகமும் தெரியாது, நிறுத்துகிற இடமும் தெரியாது. வரிகள் தெரிந்துவிட்டன, அவ்வளவுதான். தொண்டை நரம்பு புடைக்கப் பாடினார். பக்கத்துத் தம்பதி உதட்டை அசைத்தார்கள். வரிசை முழுக்க அவரவர் போக்கில் தொடங்கிவிட்டது. நான் மட்டும் பாடகர் குழுத் தலைவியின் கௌரவத்தோடு வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தேன். பாய்லர்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வரியை மறந்துவிட்டேன் என்று நினைத்து, விரலால் திரையைக் காட்டினார்.

பாடினேன் தம்பி. எந்தச் சுருதி என்று தெரியாது. ஒரு வார்த்தைகூட என் காதில் ஒழுங்காக விழவில்லை. நெஞ்சுக்குள் அதிர்வது மட்டும் தெரிந்தது. கடைசிச் சரணம் வரைக்கும் பாடினேன்.

முடிந்ததும் தையல்காரி குழுவை விட்டு இறங்கி நேராக எங்கள் வரிசைக்கு வந்தாள். அவள் குழு எத்தனை பாடுபட்டுப் பயிற்சி எடுத்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவள் என் மடியில் இருந்த எழுதுபலகையை எடுத்து எழுதி, எங்கள் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்காட்டினாள்.

"சுருதி சேரவே இல்லை. அடுத்த வாரமும் பாடுங்க."

ஆசீர்வாதத்துடன்,
உன் அக்கா